சிறந்த விளையாட்டுப் பட்டியலில் விடுபட்டுப்போன தோட்டம்

பெருமதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையை அட்டை முதல் அட்டை வரை, இடையில் வரும் விளம்பரங்களையும் விடாமல் வாசித்து வருபவனும், கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி ஒன்றை நடத்துபவனுமாகிய நான் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும், துணையாசிரியர்களும், தங்கள் அலுவலகத்தில் பிழை திருத்துபவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு நானும் என் பயிற்சிக் காரும் நலம். காருக்குக் கிளட்ச் மட்டும் தேய்ந்திருக்கிறது. எனக்கும் அப்படித்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

நிற்க. ஆண்டிறுதி இதழில் ‘இந்த ஆண்டின் சிறந்த கைபேசி விளையாட்டுகளும், ஆட்டக்காரர்கள் அவற்றை விரும்பிய காரணங்களும்’ என்ற தங்கள் கட்டுரையைப் படித்தேன். ஒருமுறை இல்லை, பலமுறை படித்தேன். ஏதாவது பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று நகத்தால் பிரித்தும் பார்த்தேன். முதலிடம் ‘புயல்வேகம்’ என்ற கார்ப் பந்தயத்துக்கு. அடுத்தது ‘கடைசி ஆள்’ என்ற துப்பாக்கிச் சண்டை. அதற்கடுத்தது ‘சுடச்சுட’ என்ற சமையல் விளையாட்டு. ஆனால் ‘பக்கத்துத் தோட்டம்’ என்ற விளையாட்டை முதலிலும் காணோம், முடிவிலும் காணோம், கீழே பொடி எழுத்தில் போட்டிருந்த ஆறுதல் பட்டியலிலும் காணோம். இதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருவதே இக்கடிதத்தின் நோக்கம். கோபத்தில் எழுதவில்லை. கோபத்தில் எழுதியதை நேற்றே கிழித்துப் போட்டுவிட்டேன்.

தலை நரைத்த மனிதனுக்குக் கைபேசி விளையாட்டில் என்ன வேலை என்று தாங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. என் மகள் விமானத்தில் போக வேண்டிய தூரத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். இங்கே விடியும்போது அங்கே பொழுது சாயும். ஆண்டின் தொடக்கத்தில் அவளுக்குப் பிரசவம், உதவிக்கு என் மனைவி போனாள். குழந்தைக்குத் தலை நிற்கிறவரை இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். தலை நின்றது. குப்புற விழட்டும் என்றாள். விழுந்தது. உட்காரட்டும் என்றாள். உட்கார்ந்தது. அதற்குள் மகள் வேலைக்குத் திரும்பிவிட்டாள், குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டது, தவழும் குழந்தையை விட்டுவிட்டு எப்படி வருவது என்றாள். இந்த வேகத்தில் போனால் குழந்தை கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்கு வீட்டில் இன்னொரு தட்டு வைக்கிற வேலை இருக்கும் என்று புரிந்தது.

தொலைபேசியில் பேச மாட்டீர்களா என்று கேட்பீர்கள். பேசுவோம். அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வாசல் குழாய் இன்னும் சொட்டுகிறதா, பின்கதவைத் தாழ் போடுகிறீர்களா, ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று வரிசையாகக் கேட்பாள். நான் எல்லாம் சரியாக இருக்கிறது, நீ கவலைப்படாமல் எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு என்பேன். அது பெருந்தன்மை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். போனை வைத்த பிறகு கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் விழிப்பேன். அலமாரியில் அவள் மடித்து வைத்துவிட்டுப் போன துண்டுகளை எடுக்க மனம் வராமல், ஒரே துண்டைத் துவைத்துத் துவைத்து அது வலை மாதிரி ஆகிவிட்டது. கட்டிலில் இன்னமும் என் பாதியில்தான் படுக்கிறேன். முழுக் கட்டிலும் காலியாக இருந்தும் ஓரத்திலிருந்து ஒருநாள் கீழே விழுந்தேன். இதையெல்லாம் குழாய் சொட்டுவதற்கும் மாத்திரைக்கும் நடுவில் எந்த இடத்தில் சொல்வது?

அப்படி ஒருநாள் பேசும்போதுதான், ஆஸ்பத்திரியில் காத்திருந்த நேரத்தில் பொழுதுபோக மகள் அம்மாவின் கைபேசியிலேயே ஒரு தோட்ட விளையாட்டைப் போட்டுக் கொடுத்ததாகவும், அதில் முள்ளங்கி விதைத்திருப்பதாகவும் மனைவி சொன்னாள். என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் மருந்துக்கடைப் பெண்ணிடம் மறுநாளே என் கைபேசியைக் கொடுத்தேன். அந்தப் பெண் மருந்துச் சீட்டில் எந்த டாக்டர் கிறுக்கினாலும் படித்துவிடுவாள், ஆனால் வண்டியைப் பின்பக்கம் எடுக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்வாள். அவள் தேடிப் பார்த்து, ‘அம்மா’ என்ற பெயரில் என் மனைவி படத்துடன் இருந்த தோட்டத்தைக் கண்டுபிடித்து, பக்கத்திலேயே எனக்கும் ஒரு நிலம் பிடித்துக் கொடுத்தாள். என் பெயரை ‘டிரைவிங் மாஸ்டர்’ என்று போட்டாள். இருக்கட்டும் என்று, தங்கள் பத்திரிகை அவ்வப்போது புகழ்ந்த மற்ற விளையாட்டுகளையும் அதிலேயே ஏற்றிக் கொடுத்தாள்.

அவற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஒருதலைப்பட்சமாக எழுதினேன் என்று இருக்கக் கூடாது. ‘புயல்வேகம்’ விளையாட்டை ஆட்டக்காரர்கள் அதன் வேகத்துக்காக விரும்பினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அதில் உட்கார்ந்ததும் முதலில் கண்ணாடியைச் சரிசெய்யும் பொத்தானைத் தேடினேன், கிடைக்கவில்லை. திருப்பத்தில் இண்டிகேட்டர் போட்டேன். சிவப்பு விளக்கில் நின்றேன். பின்னால் வந்தவர்கள் எல்லாம் என்னை இடித்துக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். விளையாட்டில் யார் சார் சிக்னலுக்கு நிற்பார்கள் என்று மருந்துக்கடைப் பெண் அலுத்துக்கொண்டாள். எனக்குக் கால் வரமாட்டேன் என்கிறது, என்ன செய்ய? தினமும் கடைசியாகத்தான் வந்தேன். ஆனால் ஒருநாள், எங்கெங்கோ இருக்கும் யார் யாரோ நாலைந்து பேர், நான் சிவப்பு விளக்கில் நின்றபோது எனக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். பச்சை விழுந்ததும் ஒருவர் பின் ஒருவராக என் வேகத்திலேயே வந்தார்கள். யாரும் இடிக்கவில்லை. முடிவுக் கோட்டை ஊர்வலம் மாதிரி தாண்டினோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பார்த்தாயா என்று சொல்லத் திரும்பினேன். பக்கத்து நாற்காலியில் இஸ்திரிக்குப் போட வேண்டிய சட்டைகள்தான் கிடந்தன.

‘கடைசி ஆள்’ விளையாட்டில் ஒரு சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது என்று தடவிக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் ஒருவரையொருவர் சுட்டுத் தீர்த்துக்கொண்டார்கள். கடைசியில் மிஞ்சியவர் நான்தான் என்று வாணவேடிக்கை விட்டார்கள். ஆள் இல்லாத இடத்தில் தனியாக மிஞ்சி நிற்பதற்கு வாணவேடிக்கை எதற்கு என்று எனக்குப் பிடிக்கவில்லை, அன்றே அழித்துவிட்டேன். ‘சுடச்சுட’ விளையாட்டில் ஒரு வாடிக்கையாளருக்காகச் சூப் கிண்டிக்கொண்டிருந்தபோது, நிஜ அடுப்பில் என் இரவுச் சாப்பாடு தீய்ந்தது. புகையைப் பார்த்து எழுந்து ஓடிவிட்டுத் திரும்பி வந்தால் சூப்பும் தீய்ந்திருந்தது. ஒரே நேரத்தில் இரண்டு உலகத்திலும் பட்டினி கிடந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆனால் ‘பக்கத்துத் தோட்டம்’ அப்படியல்ல, ஐயா. அதில் ஜெயிக்க ஒன்றுமில்லை. விதைக்கலாம், தண்ணீர் ஊற்றலாம், முள்ளங்கியை விற்று வேலி போடலாம். பக்கத்துத் தோட்டக்காரருக்குப் பூ அனுப்பலாம். எழுதிப் பேச முடியாது, இதயம், சிரித்த முகம், மழை மேகம் என்று சில படங்கள்தான் உண்டு. இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் ஒரு பெஞ்சு. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்தால் இரண்டு பொம்மைகளும் அதில் போய்ப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும். அவ்வளவுதான். காலையில் முதல் மாணவர் வருவதற்கு முன் நான் டீயை எடுத்துக்கொண்டு வருவேன். அங்கே சாயங்காலம். ‘அம்மா’ என்ற பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும். தொப்பி போட்ட என் பொம்மையும் அவள் பொம்மையும் பெஞ்சில் உட்காரும். நான் ஒரு ரோஜா அனுப்புவேன். கொஞ்சம் பொறுத்து ஒரு சூரியகாந்தி வரும். மழை மேகம் அனுப்பினால் சிரித்த முகம் வரும். ஒருநாள் அவள் பொம்மை பழைய பாவாடையை மாற்றி, நல்ல சிவப்பில் ஒரு கவுன் போட்டுக்கொண்டு வந்தது. நிஜத்தில் அவள் அந்த நிறத்தைத் தொடவே மாட்டாள். எனக்காகத்தான் என்று நினைத்து அன்று முழுக்க யார் தப்பாகக் கியர் மாற்றினாலும் நான் திட்டவில்லை. இன்னும் கொஞ்ச நாளில், நெடுநேரம் உட்கார்ந்திருந்தால் ஒரு பொம்மை இன்னொன்றின் தோளில் சாய்ந்துகொள்ளும் என்பதையும் கண்டுபிடித்தோம். டீ ஆறிப்போகும். பரவாயில்லை.

இதைப் பற்றிப் போனில் நான் மூச்சு விடவில்லை. அவளும் விடவில்லை. வாய்விட்டுச் சொன்னால் கலைந்துவிடும் என்று இருவருமே நினைக்கிறோம் என்று எடுத்துக்கொண்டேன். சொல்ல வேண்டியதையெல்லாம்தான் காலையிலேயே சொல்லியாகிவிட்டதே என்ற தைரியத்தில், போனில் இன்னும் பெருந்தன்மையாகப் பேச ஆரம்பித்தேன். குழந்தை நடக்கிறவரை இரு, ஓடுகிறவரை இரு என்றேன். அவள் சரி என்று மட்டும் சொல்வாள்.

பிறகு ஒரு வாரம் பச்சைப் புள்ளி எரியவில்லை. அவள் தோட்டத்தில் முள்ளங்கி காய்ந்தது, பூச்செடியெல்லாம் தலை தொங்கிவிட்டது. பெஞ்சில் நான் மட்டும். பதறிப்போய் மகளை அவள் அலுவலகத்திலேயே அழைத்து, அம்மாவுக்கு உடம்புக்கு என்ன என்று கேட்டேன்.

“அம்மா நல்லாத்தான் இருக்காங்கப்பா. ஏன்?”

தோட்டம் காய்கிறது என்றேன். எந்தத் தோட்டம் என்றாள். விவரம் சொன்னேன்.

“அது அம்மாவோட பழைய போன்பா. அவங்களுக்கு அப்பவே புதுசு வாங்கிட்டோமே. பழசு மாமாகிட்ட இருக்கு. அவருக்குக் கண்ணு ஆபரேஷன் ஆயிருக்கு, போன் பாக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்.”

மாமா என்பது அவளுடைய மாமனார். அதாவது என் சம்பந்தி. மனைவியை இழந்தவர், அந்த வீட்டிலேயே முன்னறையில் இருக்கிறார், கணக்குத் தணிக்கையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் எனக்கும் பேச்சு வார்த்தை ‘சௌக்கியமா’ என்பதைத் தாண்டிப் போனதில்லை. கல்யாணத்தன்று மண்டப வாசலில் அவர் காரைப் பின்பக்கம் எடுத்த விதத்தை எல்லோர் முன்னாலும் நான் திருத்தினேன். இன்றைக்கும் சொல்கிறேன், ஸ்டியரிங்கை அவர் அப்படித் திருப்பியிருக்கக் கூடாது. அது போகட்டும். அவருக்கா நான் ரோஜா அனுப்பினேன்? அவருடனா காலை தோறும் பெஞ்சில் உட்கார்ந்தேன்? அவர் தோளிலா, சிவப்புக் கவுன் போட்ட அந்தத் தோளிலா, என் தொப்பி சாய்ந்திருந்தது? அன்று ஒரு மாணவர் காரைக் கொண்டுபோய் மண்மேட்டில் ஏற்றிவிட்டார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் பிரேக்கை மிதிக்கத் தோன்றவில்லை.

கூச்சம் ஒருபக்கம் இருக்கட்டும், ஐயா. அது வடிந்த பிறகு வந்ததுதான் கஷ்டம். இத்தனை மாதமாக நான் ஏங்கியது எதுவும் அவளுக்குப் போய்ச் சேரவில்லை. அவள் காதில் விழுந்ததெல்லாம், எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு என்ற என் குரல்தான். ஒரு மனிதன் தன் மனைவியிடம், நீ இல்லாமலே எனக்கு நன்றாகப் போகிறது என்று வாரம் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். அவள் எதற்காகத் திரும்பி வர வேண்டும்?

மறுநாள் காலை அவள் போன் செய்தபோது பேச்சு குழாய்க்குப் போகும் முன் நான் முந்திக்கொண்டேன்.

“நீ எப்ப வர்றே?”

“ஏன், குழாய் உடைஞ்சிடுச்சா?”

“குழாய் நல்லாத்தான் இருக்கு. நான்தான் நல்லா இல்ல.”

அவள் குழந்தையை யாரிடமோ கொடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கதவு சாத்துகிற சத்தம்.

“இன்னொரு தடவை சொல்லுங்க.”

சொன்னேன். துண்டையும் சொன்னேன், கட்டிலிலிருந்து விழுந்ததையும் சொன்னேன், சிவப்பு விளக்கில் பின்னால் வரிசையாக நின்ற கார்களைக் காட்ட ஆளில்லாமல் போனதையும் சொன்னேன். தோட்டத்தை மட்டும் சொல்லவில்லை. அவள் மூக்கை உறிஞ்சினாள். சளி பிடித்திருக்கிறதா என்று கேட்டுவிட்டேன், முட்டாள். டிக்கெட் பார்க்கச் சொல்கிறேன் என்று போனை வைத்தாள்.

அடுத்தது சம்பந்தி. கண் எப்படி இருக்கிறது என்று கேட்கத்தானே வேண்டும்? அழைத்தேன். ‘சௌக்கியமா’ முடிந்தது. நான் வைத்துவிடலாம் என்று இருந்தபோது அவர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, “உங்க பூவெல்லாம் வாட விட்டுட்டேன் சம்பந்தி. கட்டுப் பிரிச்சதும் முதல் வேலையா தண்ணி ஊத்திடறேன்” என்றார். கல்யாண வாசலில் நடந்ததற்கு நான் பூ அனுப்பிச் சமாதானம் பேசுகிறேன் என்று அந்த மனிதர் இத்தனை நாளும் நினைத்திருக்கிறார். அது உமக்கு அனுப்பியது இல்லை என்று கண் கட்டுடன் உட்கார்ந்திருப்பவரிடம் எப்படிச் சொல்வது? மெதுவாப் பாத்துக்கலாம் சம்பந்தி என்று சொல்லிவிட்டேன். சில நாளில் பச்சைப் புள்ளி எரிந்தது. ஒரு சூரியகாந்தி வந்தது. நான் ஒரு ரோஜா அனுப்பினேன். யார் என்று தெரிந்தே அனுப்பினேன். பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தோம். கவுனைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, ஆட்டக்காரர்கள் ஒரு விளையாட்டை ஏன் விரும்புகிறார்கள் என்று எழுதும்போது தத்ரூபமான படம், வேகம் என்பவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். பலர் விளையாடவே வருவதில்லை. அந்தப் பக்கம் ஆள் இருக்கிறதா என்று பார்க்க வருகிறார்கள். அடுத்த இதழில் ‘பக்கத்துத் தோட்டம்’ விளையாட்டுக்கு முதலிடம் தந்து திருத்தம் வெளியிடக் கோருகிறேன். சம்பந்தியின் மனம் நோகக் கூடாது என்பதற்காக இதில் யார் பெயரையும், எந்த ஊரையும் குறிப்பிடவில்லை. தாங்களும் குறிப்பிட வேண்டாம். மனைவி வருகிற சனிக்கிழமை விமானம் ஏறுகிறாள். அலமாரியிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கொடியில் போட்டு வைத்திருக்கிறேன்.

தங்கள் பேனாவுக்கு மை வற்றாமல் இருக்கட்டும். தங்கள் இல்லத்தார் யாரும் தூரத்தில் இல்லாமல் இருக்கட்டும். தங்கள் குடும்பத்தில் எவருக்கேனும் கார் கற்றுக்கொள்ளும் எண்ணம் இருந்தால் கிளட்ச் மாற்றிய பிறகு அனுப்பிவைக்கவும்.

என்றும் தங்கள் வாசகன்,
டிரைவிங் மாஸ்டர்

பின்குறிப்பு: இக்கடிதத்தைத் தபாலில் சேர்ப்பதற்குள் மனைவி வந்து சேர்ந்துவிட்டாள். மேசைமேல் கிடந்ததை எடுத்து, பெட்டியைக்கூடப் பிரிக்காமல், நின்றபடியே படித்து முடித்தாள். மேலே நான் எழுதியது பெரும்பாலும் தவறாம். நான் அனுப்பிய முதல் ரோஜாவையே சம்பந்தி சமையலறைக்கு எடுத்துவந்து, இது உங்களுக்கு வந்தது என்று காட்டிவிட்டாராம்.

“தினம் சாயங்காலம் போனைக் கொண்டுவந்து அடுப்பு மேடைல சாய்ச்சு வெப்பார். ‘உங்க வீட்டுக்காரர் வந்து உக்காந்துட்டார், என்ன அனுப்பட்டும்?’னு கேப்பார். நான் பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே சொல்லுவேன். சூரியகாந்தியெல்லாம் நான் அனுப்பினது.”

அப்படியானால் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். பூவாக அனுப்புகிற மனுஷன் என்றைக்காவது வாயைத் திறந்து கூப்பிடுகிறாரா பார்க்கலாம் என்று காத்திருந்தாளாம். சரி, அந்தச் சிவப்புக் கவுன் என்றேன்.

“அதை நான் சொல்லல. அது அவரா வாங்கினது.”

ஆகவே இக்கடிதத்தை அச்சிட வேண்டாம். எந்த விளையாட்டுக்கு முதலிடம் என்பதைத் தாங்களே பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள். இதை எழுதும் இப்போது இங்கே காலை. பச்சைப் புள்ளி எரிகிறது. சம்பந்தி தனியாகப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அந்த வீட்டுச் சமையலறையில் இனி அவர் போனைக் கொண்டுபோய் யாரிடம் காட்டுவார் என்று மனைவி சொன்னாள். பிறகு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு, மஞ்சள் ரோஜா அனுப்புங்கள் என்றாள். அனுப்பினேன். உடனே ஒரு இதயம் வந்தது. அது உங்களுக்கா எனக்கா என்று கேட்கிறாள். தெரியவில்லை, ஐயா. பதிலுக்கு நாங்களும் ஒன்று அனுப்பியிருக்கிறோம்.